வராதவரும் இல்லாதவரும்: கோரம் தவறிய ஒரு வாரியமும் அதன் அறுநூறு முடிவுகளும்

கூட்டத்தில் கோரம் (quorum), அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லையென்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், யாராவது எழுந்து ஆட்சேபிப்பார், தலைவர் ஒத்திவைப்பார், அத்தோடு முடிந்தது. இன்னொரு வகை இருக்கிறது. கூட்டம் ஒழுங்காக நடக்கும், முடிவுகள் வெளியாகும், அவற்றை நம்பிப் பலர் காரியம் செய்திருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து, அந்தக் காலம் முழுக்கக் கோரமே இருந்ததில்லை என்று நீதிமன்றம் சொல்லும். அமெரிக்காவின் தேசியத் தொழிலுறவு வாரியத்துக்கு 2008 முதல் 2010 வரை நேர்ந்தது இதுதான். சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என எதற்கு விதிகள் எழுதுபவராக இருந்தாலும் படிக்க வேண்டிய வழக்கு. இத்தனைக்கும் இதில் தில்லுமுல்லு செய்தவர் ஒருவருமில்லை. இருந்த இரண்டு பேரும் ஒத்த கருத்தோடு, சட்ட ஆலோசனை கேட்டு, பகிரங்கமாகத்தான் வேலை செய்தார்கள்.

வாரியமும் விதியும்

தொழிற்சங்கத் தேர்தல்களை நடத்துவதும், தொழிலாளர், நிறுவனம் இரு தரப்பின் முறைகேட்டுப் புகார்களில் தீர்ப்பளிப்பதும் இந்த வாரியத்தின் வேலை. 1935-இல் அமைக்கப்பட்டபோது உறுப்பினர் மூவர். இருவர் இருந்தால் கோரம். 1947-இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் உறுப்பினர் எண்ணிக்கையை ஐந்தாக்கியது, கோரத்தையும் மூன்றாக உயர்த்தியது. ஐந்து பேரும் எல்லா வழக்குக்கும் உட்காரத் தேவையில்லாமல், மூவர் குழுக்களாகப் பிரிந்து கேட்கவும் வழி செய்தது.

இவை எல்லாம் சட்டத்தின் 3(பி) என்ற ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன. சாரத்தை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். வாரியம் தன் அதிகாரங்களில் எதையும், அல்லது எல்லாவற்றையும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கலாம். வாரியத்தில் இடம் காலியானால் மீதமுள்ளவர்கள் வாரியத்தின் அதிகாரங்களைச் செலுத்தும் உரிமைக்குக் குறை வராது. எக்காலத்திலும் மூவர் இருப்பதே வாரியத்தின் கோரம். ஆனால் மேற்சொன்னபடி அமைத்த குழுவுக்கு இருவர் இருந்தால் கோரம்.

ஒவ்வொன்றையும் தனியே படித்தால் குழப்பமில்லை. நான்கையும் சேர்த்து, உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போகும் நிலையில் வைத்துப் பாருங்கள். கடைசி வரி ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதுபோலத் தோன்றும். வாரியம் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

2007 டிசம்பர்

தலைவர் ராபர்ட் பட்டிஸ்டாவின் பதவிக்காலம் டிசம்பர் 16-ஆம் தேதி முடிந்தது. மிச்சம் நால்வர்: வில்மா லீப்மன், பீட்டர் ஷாம்பர், பீட்டர் கிர்சானோ, டென்னிஸ் வால்ஷ். கடைசி இருவரும் செனட் கூடாத இடைவேளையில் அதிபர் நேரடியாக நியமித்தவர்கள். ஆண்டு முடிவதோடு அவர்கள் பதவியும் முடியும். புதியவர்களுக்குச் செனட் ஒப்புதல் கிடைக்கும் அறிகுறி எதுவுமில்லை. ஜனவரி பிறந்தால் லீப்மனும் ஷாம்பரும் மட்டுமே இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டிசம்பர் 20 அன்று, நால்வர் இருக்கும்போதே, வாரியம் ஒரு தீர்மானம் போட்டது. லீப்மன், ஷாம்பர், கிர்சானோ மூவரையும் ஒரு குழுவாக்கி, வாரியத்தின் அதிகாரங்களை அதனிடம் ஒப்படைத்தது. டிசம்பர் 28 முதல் அது நடப்புக்கு வந்தது. டிசம்பர் 31-இல் கிர்சானோ போனார். கணக்கு இப்படி: வாரியத்துக்கு மூவர் வேண்டும், இல்லை. குழுவுக்கு இருவர் போதும், இருக்கிறார்கள். குழுவிடம் எல்லா அதிகாரமும் இருப்பதால் வேலை நிற்காது.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அல்ல இது. இப்படிச் செய்யலாம் என்று நீதித் துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் 2003-லேயே கருத்துரை தந்திருந்தது. லீப்மன் ஜனநாயகக் கட்சி, ஷாம்பர் குடியரசுக் கட்சி. இருவரும் ஒத்துப்போகிற வழக்குகளில் மட்டும் தீர்ப்புச் சொன்னார்கள், ஒத்துப்போகாதவற்றை நிறுத்தி வைத்தார்கள். 2010 மார்ச் 27 அன்று மேலும் இருவர் நியமிக்கப்படும் வரை 27 மாதங்கள் இப்படியே ஓடின. அதற்குள் ஏறத்தாழ 600 முடிவுகள் வெளியாகியிருந்தன.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கோரம் பற்றிய ஆட்சேபம் கோரத்தின்மேல் அக்கறை உள்ளவரிடமிருந்து வருவது அபூர்வம், தோற்றவரிடமிருந்துதான் வரும். இண்டியானா மாநிலத்தின் பட்லரில் ஆலை வைத்திருந்த நியூ ப்ராசஸ் ஸ்டீல் நிறுவனத்துக்கு எதிராக 2008 செப்டம்பரில் இருவரும் இரண்டு தீர்ப்புகள் தந்தார்கள். இருவர் தீர்ப்புச் சொல்லவே முடியாது என்று நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஏழாவது வட்டார நீதிமன்றம் 2009 மே 1 அன்று வாரியத்தின் பக்கம் நின்றது. அதே நாளில், வேறொரு வழக்கில், தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. இரண்டு நீதிமன்றங்களும் படித்தது ஒரே உட்பிரிவைத்தான். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

உச்ச நீதிமன்றம் படித்த விதம்

2010 ஜூன் 17 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைக்காக ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார்.

அவர் பிடித்த இழை எளிமையானது. மூவர் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்கிறது சட்டம். ஒப்படைக்கும் அந்த நொடியில் மட்டும் மூவர் இருந்தால் போதுமா, ஒப்படைத்த அதிகாரம் உயிரோடு இருக்கும் காலம் முழுக்க மூவர் இருக்க வேண்டுமா? இரண்டாவதுதான் என்றது நீதிமன்றம். முதல் பொருளை ஏற்றால் 'எக்காலத்திலும் மூவர்' என்ற சொற்களுக்கு வேலையே இல்லாமல் போகும். ஆண்டுக்கொரு முறை மூவர் கூடி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மிச்சக் காலம் முழுக்க இருவரே வாரியமாகிவிடலாம்.

அப்படியானால் குழுவுக்கு இருவர் போதும் என்ற வரி எதற்கு? மூவரில் ஒருவர் உடல்நலமில்லாமல் வரவில்லை, அல்லது வழக்கில் தொடர்பு இருப்பதால் விலகிக்கொண்டார், அப்போது மற்ற இருவரும் தீர்ப்புச் சொல்லலாம். அதற்குத்தான் அந்த வரி. குழுவில் மூவர் இருந்து இருவர் வந்தால் அது கோரம். குழுவில் இருப்பதே இருவர் என்றால் அங்கே குழுவே இல்லை. இல்லாத குழுவுக்குக் கோரம் பார்க்க முடியாது.

காலியிடம் பற்றிய வரியும் வாரியத்துக்குக் கைகொடுக்கவில்லை. அது வாரியத்தின் காலியிடத்தைப் பற்றிப் பேசுகிறது, குழுவின் காலியிடத்தைப் பற்றி அல்ல. தவிர, காலியிடம் இருந்தாலும் மிச்சமுள்ளவர்கள் செயல்படலாம் என்பது கோரத்துக்கு உட்பட்டுத்தான். ஐந்தில் இரண்டு காலியானால் மூவர் தொடரலாம். மூன்று காலியானால் அந்த வரி கோரத்தை உருவாக்கித் தராது. நம்மூர்ச் சங்க விதிகளிலும் 'காலியிடம் இருப்பதனால் மட்டுமே எந்த முடிவும் செல்லாததாகாது' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அது கோரக் குறையைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் செயலாளர்கள் உண்டு. காப்பாற்றாது.

எதிர்த்தரப்பில் நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதினார். கின்ஸ்பர்க், பிரேயர், சோட்டோமயோர் மூவரும் உடன்பட்டார்கள். இருவர் கோரம் என்று சட்டம் நேரடியாகச் சொல்லியிருக்க, இல்லாத நிபந்தனையை ஏன் சேர்க்க வேண்டும்? வாரியம் முடங்காமல் இருக்கத்தானே அந்த ஏற்பாடு? பெரும்பான்மையின் பொருளால் முடக்கம்தானே மிஞ்சுகிறது? இவை லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல. விளைவை வைத்துப் பார்த்தால் கென்னடி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோரம் என்ற ஏற்பாடே, ஆள் குறைந்தால் வேலை நிற்கட்டும் என்று தெரிந்தே வைக்கிற தடை. அது வேலையை நிறுத்துகிறதே என்பது அதற்கு எதிரான வாதமாகாது. எங்கள் பார்வையில் ஸ்டீவன்ஸ் படித்ததே சரி.

கீழேயுள்ள அதிகாரிகளுக்கு முன்பே தந்த அதிகாரம் பற்றி, தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று தனியே பேசுகிறது. குழு மறைந்தது என்பதால், வட்டார இயக்குநர்களுக்கும் தலைமை வழக்குரைஞருக்கும் வாரியம் முன்னதாக ஒப்படைத்திருந்த அதிகாரங்கள் சந்தேகத்துக்கு உள்ளாகவில்லை என்றது அது. பின்னால் இந்த அடிக்குறிப்புக்கு நிறைய வேலை இருந்தது.

அறுநூறும் என்ன ஆயின

எல்லாம் குப்பைக்குப் போகவில்லை. பெரும்பாலானவற்றில் தரப்புகள் ஏற்கெனவே தீர்ப்புக்குக் கட்டுப்பட்டிருந்தன, அல்லது சமரசம் செய்துகொண்டிருந்தன. யாரும் ஆட்சேபம் கிளப்பவில்லை. மேல்முறையீட்டில் நிலுவையில் இருந்தவை நூற்றுக்குச் சற்றுக் குறைவு. அவை வாரியத்துக்குத் திரும்பி, மூவர் அமர்வுகளில் மறுபடி பரிசீலிக்கப்பட்டன. கோரம் இல்லாத முடிவின் நடைமுறை நிலை இதுதான்: ஆட்சேபிக்க ஆளும் அவகாசமும் இருக்கிற வரைக்கும் அது ஆடிக்கொண்டிருக்கும்.

பாடம் படிந்ததா என்றால், ஒன்றரை ஆண்டில் அதே வாரியம் மறுபடி அதே பள்ளத்தில் விழுந்தது, வேறு பாதை வழியாக. 2012 ஜனவரி 3-இல் ஒரு தற்காலிக உறுப்பினரின் காலம் முடிய, மறுபடி இருவரே மிஞ்சினார்கள். மறுநாளே அதிபர் ஒபாமா மூவரை இடைவேளை நியமனமாகப் போட்டார். ஆனால் செனட் அப்போது மூன்று நாளுக்கொரு முறை பெயரளவுக்குக் கூடிக்கொண்டிருந்தது. பெப்சி பானத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் நோயல் கேனிங் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், மூன்று நாள் இடைவெளி நியமனத்துக்குப் போதாது என்று 2014 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியமனம் போனது, அதோடு கோரமும் போனது. 2012 ஜனவரியிலிருந்து, முறைப்படி ஒப்புதல் பெற்ற ஐவர் 2013 ஆகஸ்டில் பொறுப்பேற்கும் வரைக்குமான முடிவுகள் மறுபடி கேள்விக்குள்ளாயின.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை நாற்காலி காலி, அது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் தடவை நாற்காலியில் ஆள் இருந்தார், கையெழுத்தும் போட்டார், ஆனால் சட்டப்படி அங்கே ஆள் இல்லை. சந்தா கட்டாமல் உறுப்பினர் தகுதி இழந்தவரையும், பதவிக்காலம் முடிந்தும் பழக்கத்தில் வந்து உட்காருபவரையும் எண்ணிக்கையில் சேர்க்கும் சங்கங்களில் நடப்பது இந்த இரண்டாம் வகை. இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம் 176-ஆம் பிரிவில் இதற்கு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது: இயக்குநரின் நியமனத்தில் குறை இருந்தது பின்னால் தெரியவந்தாலும், தெரிவதற்கு முன் அவர் செய்தவை அதனால் மட்டும் செல்லாமல் போகா. தெரிந்த பிறகு செய்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் அமைப்பின் விதியில் இப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், சேர்த்துக்கொள்வது நல்லது.

எதில் ஒரு பங்கு?

விதியில் 'மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல்' என்று எழுதிவிட்டு, மொத்தம் என்றால் எது என்று சொல்லாமல் விடுவதுதான் இந்தத் துறையில் மிகப் பெரிய ஓட்டை. ஒன்பது இடங்கள் உள்ள செயற்குழு, மூன்று காலி என்று வைத்துக்கொள்வோம். விதியில் கண்ட இடங்களின்படி பாதிக்கு மேல் என்றால் ஐவர் வேண்டும். பதவியில் இருக்கும் ஆறு பேரில் பாதிக்கு மேல் என்றால் நால்வர் போதும். நால்வர் வந்து ஒரு வாடகை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தால், அது செல்லுமா என்பது ஒரு சொல்லின் பொருளில் தொங்கும்.

இரண்டு முறைக்கும் ஆபத்து உண்டு. விதியில் கண்ட இடங்களை அடியெண்ணாக வைத்தால், ஐந்து இடம் காலியான அன்று மீதி நால்வரும் சேர்ந்து வந்தாலும் கோரம் கிடையாது, குழு உறைந்து நிற்கும். பதவியில் இருப்போரை அடியெண்ணாக வைத்தால் குழு உறையாது, ஆனால் சுருங்கிக்கொண்டே போகும். மூவர் மிஞ்சினால் இருவர் கோரம். இருவர் வந்த கூட்டத்தில் அமைப்பின் சொத்தை விற்கத் தீர்மானம் போடலாம். ஆகவே பதவியில் இருப்போரைக் கணக்கில் எடுத்து, அதற்குக் கீழே ஒரு தரைமட்டமும் வைப்பதுதான் நாங்கள் பரிந்துரைப்பது: 'பதவியில் இருக்கும் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர்; ஆனால் எந்நிலையிலும் விதியில் கண்ட இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல்.' ஒன்பது இடக் குழுவில் தரைமட்டம் மூவர்.

இன்னொரு சின்னத் தடுக்கல். 'பாதியும் ஒருவரும்' என்று எழுதாதீர்கள். ஒன்பதில் பாதி நாலரை, அதோடு ஒன்று ஐந்தரை. அது ஐவரா அறுவரா? 'பாதிக்கு மேல்' என்றால் ஐவர்தான், வாதம் எழாது. பின்னம் வருகிற எந்தக் கணக்கிலும் மேல் எண்ணுக்கு முழுமையாக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கம்பெனிச் சட்டம் இயக்குநர் குழுவுக்கு இதைச் செய்கிறது: மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், எது அதிகமோ அது, பின்னம் வந்தால் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

தரைமட்டத்துக்கும் கீழே போனால்? அமெரிக்க வாரியத்திடம் இல்லாமல்போன பிரிவு இதுதான், இந்தியச் சட்டத்தில் 174(2) ஆக அது இருக்கிறது. இயக்குநர்களின் எண்ணிக்கை கோரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், மிஞ்சியவர்கள் இரண்டே காரியங்களைச் செய்யலாம்: கோரம் வரும் அளவுக்கு இயக்குநர் எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது பொதுக்குழுவைக் கூட்டலாம். வேறெதற்கும் அதிகாரமில்லை. அமைப்பு செத்தும் போகாது, இருவர் கையில் முழு ஆட்சியும் போகாது. சிறு அமைப்புகள் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க ஏற்பாடு. வேண்டுமானால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சம்பளம், வாடகை, வரி ஆகியவற்றைச் செலுத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். புதிய கடமை எதையும் ஏற்கும் அதிகாரம் மட்டும் வேண்டாம்.

துணைக்குழு அமைக்கும்போதும் இதே கவனம் தேவை. ஒப்படைக்கும் தீர்மானத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: துணைக்குழுவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வந்தால் கோரம், உறுப்பினர் ஒருவர் நிரந்தரமாக விலகினால் குழு தொடருமா கலையுமா. நியூ ப்ராசஸ் ஸ்டீல் வழக்கு முழுவதும் மூன்றாவது கேள்விக்கு எழுதப்படாத பதில்தான்.

தலை எண்ணுவது

எண் சரியாக இருந்தாலும் எண்ணுவதில் சண்டை வரும். இதற்கான பழைய வழக்கும் அமெரிக்காவில்தான். அங்கே மக்களவையில் பாதிக்கு மேல் கோரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறுபான்மைக் கட்சியினர் அவையில் உட்கார்ந்துகொண்டே, பெயர் அழைக்கும்போது வாய் திறக்காமல் இருப்பார்கள். வாக்களித்தவர்களை மட்டும் எண்ணினால் கோரம் வராது, மசோதா விழும். 1890 ஜனவரி 29 அன்று அவைத்தலைவர் தாமஸ் ரீட், வாய் திறக்காதவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்து வந்தவர் கணக்கில் எழுதச் சொன்னார். என்னை எண்ண உங்களுக்கு உரிமையில்லை என்று ஒருவர் எழுந்து கத்த, இவர் இங்கே இருப்பதைத்தான் சொல்கிறேன், இல்லையென்கிறாரா என்று கேட்டார் ரீட். இல்லையென்று சொல்வதற்கும் எழுந்து நின்றாக வேண்டுமே!

அதே ஆண்டு மே மாதம் நிறைவேறிய கம்பளித் துணிச் சுங்கச் சட்டம், 138 ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை, வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்த 74 பேரையும் சேர்த்து 212 என்ற கணக்கில் செல்லுபடியானது. அது 1892-இல் பாலின் வழக்காக உச்ச நீதிமன்றம் சென்றபோது, கோரத்துக்கு வருகைதான் அளவுகோல், வாக்கு அல்ல என்று உறுதியானது.

வாக்களிக்காதவரையும் எண்ணலாம் என்பதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். தகராறு வருவது தொடர்புடையவரிடத்தில். ஐவர் குழு, கோரம் மூவர், வந்தவர் மூவர். பேசப்படும் ஒப்பந்தம் அவர்களில் ஒருவருடைய மைத்துனர் நிறுவனத்தோடு. அவர் எழுந்து வெளியே போனால் இருவர், உட்கார்ந்திருந்தால் பாரபட்சம். கம்பெனிச் சட்டத்தில் தொடர்புடைய இயக்குநர் அந்தப் பொருளுக்கான கோரத்தில் சேரமாட்டார். தொடர்புடையவர்கள் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ இருந்தால், தொடர்பில்லாதவர்களில் வந்தவர்கள், இருவருக்குக் குறையாமல் இருந்தால், அந்தப் பொருளுக்குக் கோரம். விதி இல்லாத அமைப்பில் நடைமுறைக்கு ஏற்ற வழி ஒன்றுதான்: அப்படிப்பட்ட பொருள் நிகழ்ச்சி நிரலில் இருந்தால், கோரத்துக்கு மேல் இரண்டு பேராவது கூடுதலாக வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்வது.

எப்போது எண்ணுவது? தொடக்கத்தில் இருந்தால் போதும் என்று சில விதிகள் சொல்லும், ஒவ்வொரு முடிவின்போதும் வேண்டும் என்று சில. விதி பேசாமல் இருந்தால் இரண்டாவதை நம்பி நடப்பதே பாதுகாப்பு. நிகழ்வுக் குறிப்பில் 'கோரம் இருந்தது' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. வந்தவர் பெயர்கள், தாமதமாக வந்தவர் வந்த நேரம், இடையில் போனவர் போன நேரம், ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் அறையில் இருந்தோர் எண்ணிக்கை, விலகி நின்றவர் பெயர் என ஐந்தும் வேண்டும். கணினி வழிக் கூட்டமானால் இணைப்பு அறுந்த நேரமும் திரும்பிய நேரமும் இதே கணக்குத்தான். பதிலாள் அனுப்பியவரைக் கோரத்தில் எண்ணலாமா என்பதையும் விதியே சொல்ல வேண்டும். கம்பெனிப் பொதுக்கூட்டத்தில் நேரில் வந்தவர் மட்டுமே கணக்கு.

எண்ணை உயரமாக வைத்தால்

ஆள் அதிகம் வந்தால் முடிவு உறுதியாகும் என்று நினைத்து மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதுபவர்கள் உண்டு. அது உறுதியைத் தராது, வெளிநடப்புச் செய்பவர் கையில் சாவியைத் தரும். டெக்சாஸ் கீழவையில் 150 பேர், கோரம் நூறு. 51 பேர் மாநிலத்தை விட்டுக் கிளம்பினால் அவை நின்றுவிடும். 2003-இலும் 2021-இலும் 2025-இலும் அதுதான் நடந்தது. விஸ்கான்சின் செனட்டில் 33 பேர். நிதி மசோதாவுக்கு மட்டும் இருபது பேர் வேண்டும். 2011 பிப்ரவரியில் ஆளுங்கட்சியிடம் 19, எதிர்க்கட்சியின் 14 பேரும் இல்லினாய் போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து மசோதாவிலிருந்து நிதி அம்சங்களை எடுத்துவிட்டு, சாதாரணக் கோரத்தோடு நிறைவேற்றினார்கள். முக்கியமான முடிவுக்குப் பரந்த ஆதரவு வேண்டுமென்றால் கோரத்தை உயர்த்தாமல், தேவையான வாக்கு விகிதத்தை உயர்த்துங்கள். அப்போது எதிர்ப்பவர் வீட்டில் இருப்பதால் எதுவும் லாபமில்லை, வந்து வாக்களித்தாக வேண்டும்.

நூற்றுக்கணக்கானோர் உள்ள பொதுக்குழுவுக்கு விகிதத்தைவிட நேரடி எண் மேல். கம்பெனிச் சட்டத்தின் 103-ஆம் பிரிவில் பொது நிறுவனத்துக்கு ஆயிரம் உறுப்பினர் வரை ஐவர், ஐயாயிரம் வரை பதினைவர், அதற்கு மேல் முப்பதின்மர். அரை மணி நேரத்தில் கோரம் சேராவிட்டால் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடம். அங்கேயும் அரை மணிக்குள் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். உறுப்பினர்களே கோரிக்கை வைத்துக் கூட்டிய கூட்டமானால் ஒத்திவைப்பு கிடையாது, ரத்து. இதைப் பின்பற்றும் சங்கங்கள், ஒத்திவைத்த கூட்டத்தில் முதல் அழைப்பில் இல்லாத பொருளைச் சேர்க்கக்கூடாது என்ற நிபந்தனையையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வராத முதல் கூட்டத்தைத் திட்டமிட்டே நடத்திவிட்டு, இரண்டாவதில் நாலு பேர் நினைத்ததைச் செய்துகொள்வார்கள். வந்தவர் ஒருவர் மட்டுமே என்றால் 'வந்தவர்களே கோரம்' என்பதும் கைகொடுக்காது: கார்ன்வால் சுரங்க நிறுவனம் ஒன்றின் கூட்டத்துக்கு ஒரே பங்குதாரர் வந்து, தானே தலைமை ஏற்றுத் தீர்மானம் போட்டதை, ஒருவர் மட்டும் இருந்தால் அது கூட்டமே அல்ல என்று 1876-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தள்ளிவிட்டது.

தவறியது தெரிந்த பிறகு

கோரம் இல்லாமல் முடிவெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது, அந்தக் காலத்தின் முடிவுகளைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு மூன்றாகப் பிரிப்பது. நிர்வாகம், பணியாளர், கொள்முதல் சார்ந்தவை ஒரு பக்கம். தனிநபர் உரிமையைத் தொடுபவை, அதாவது உறுப்பினர் நீக்கம், அபராதம், தகராற்றுத் தீர்ப்பு, இன்னொரு பக்கம். காலக்கெடுவுக்கு உட்பட்டவை தனியே.

முதல் வகையை முறையான கோரத்தோடு கூடி ஒரே தீர்மானத்தில் உறுதிப்படுத்தலாம். நோயல் கேனிங் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2014 ஜூலை 18 அன்று, வாரியம் தன் நிர்வாக, பணியாளர், கொள்முதல் முடிவுகளை இப்படித்தான் மொத்தமாக உறுதிப்படுத்தியது. தீர்மானத்தில் காலப்பகுதியும் பட்டியலும் இருக்க வேண்டும், 'முன்பு செய்தவை அனைத்தும்' என்பது போதாது. இரண்டாம் வகையை அப்படிச் செய்ய முடியாது. கோப்பை மறுபடி எடுத்து, முழு எண்ணிக்கையில் உட்கார்ந்து, சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பும் பேச வாய்ப்பும் கொடுத்து, புதிதாக முடிவெடுக்க வேண்டும். முந்தைய முடிவே திரும்ப வரலாம், அதில் தவறில்லை. வாரியத்தின் வழக்குகள் பலவற்றில் அப்படித்தான் வந்தது. புதிய முடிவுக்குப் புதிய தேதி போடுங்கள். நீக்கப்பட்ட உறுப்பினர் இடைக்காலத்தில் உறுப்பினராகவே இருந்தார் என்று பொருள். அந்தக் காலத்தில் அவரை அழைக்காமல் நடத்திய கூட்டங்களும் பட்டியலுக்குள் வந்துவிடும்.

மூன்றாம் வகைக்கு மருந்து இல்லை என்றே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேர்தல் ஆணையம் தனக்கு அதிகாரமில்லாமல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனுவைத் தாக்கல் செய்தது. அதிகாரமுள்ள அரசு வழக்குரைஞர் பிறகு ஒப்புதல் கொடுத்தார், ஆனால் 90 நாள் கெடு அதற்குள் முடிந்திருந்தது. உறுதிப்படுத்துபவர், உறுதிப்படுத்தும் நாளில் அதே காரியத்தைத் தானே செய்யக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று 1994-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. கெடு முடிவதற்கு முன் மேல்முறையீடு செய்யத் தீர்மானித்த கூட்டம், விண்ணப்பம் அனுப்ப ஒப்புதல் தந்த கூட்டம், வேட்புமனு ஏற்ற கூட்டம் ஆகியவற்றின் வருகைப் பதிவைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால், மற்ற இரண்டு பட்டியலையும் அப்படியே வைத்துவிட்டு அதற்காக மட்டும் அவசரக் கூட்டம் கூட்டுங்கள்.